பதினாலுக்கு ஒண்ணு

அந்த டப்பாவ மொதல்ல மூடுங்க தம்பி. தூசி விழும். இது ஒர்க் ஷாப்புங்க, நகைக்கடை இல்ல, வெல்வெட்டு மேல வெச்சு அழகு பாக்கறதுக்கு. மூடி அந்த ஓரமா வைங்க. ம். இப்பச் சொல்லுங்க, இத மாட்டணும்னு உங்களுக்கு யார் சொன்னது?

என்ன? சத்தமாப் பேசுங்க. உங்க வயசுப் பசங்க பூராம் இப்புடித்தான், வாய்க்குள்ளயே மென்னு முழுங்கறீங்க. கேட்டா டீசென்டாப் பேசறாங்களாம்.

வீடியோவா? நெனச்சேன். வீடியோல சொல்றவன் கையப் பாத்தீங்களா? நகத்துக்குள்ள கொஞ்சமாவது கறுப்பு இருந்துச்சா? இருந்திருக்காது. தலைக்கு ஜெல்லு தடவிக்கிட்டு, பின்னாடி நாலு கலர் லைட்டு போட்டுக்கிட்டு, "நண்பர்களே, இந்தப் பிஸ்டன் போட்டா உங்க வண்டி ராக்கெட்டு"ம்பான். அவன் ஒரு இஞ்சினப் பிரிச்சுக் கோத்திருப்பானா? ஸ்பேனர எந்தப் பக்கம் புடிக்கறதுன்னு தெரியாது, வந்துட்டான் பாடம் எடுக்க. நீங்களும் அதப் பாத்துட்டு நேரா வந்துட்டீங்க.

கோவிச்சுக்காதீங்க. உக்காருங்க. ஆரோக்கியம் லேத்துப் பட்டறைக்குப் போயிருக்கான், வர ஒரு மணி நேரம் ஆகும். எங்கிட்ட இருவத்திரெண்டு வருசமா இருக்கறவன். அவன் வந்தாத்தான் உங்க வண்டிய ஸ்டாண்டுல ஏத்தறது. அது வரைக்கும் நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லுங்க. உங்க வண்டிக்குக் கம்பெனி கொடுத்த கம்ப்ரஷன் எத்தன? தெரியாது. சரி. இந்தப் பிஸ்டன் போட்டா எத்தன வரும்? டப்பா மேல பதிமூணரைக்கு ஒண்ணுன்னு போட்டிருக்கு, அதப் படிச்சுச் சொல்றீங்க. என்ன பெட்ரோல் ஊத்துவீங்க? "நல்ல பெட்ரோலு." அட கெரகமே! நல்ல பெட்ரோலாம். என்ன வீட்டுக்கு அரிசியா வாங்கறீங்க?

கேட்டுக்கோங்க, ஒருக்காத்தான் சொல்லுவேன். ஹை கம்ப்ரஷன் பிஸ்டன்னா தலை மேடா இருக்கும். மேல ஏறுறப்ப காத்தையும் பெட்ரோலையும் இன்னும் சின்ன எடத்துக்குள்ள போட்டு அமுக்கும். பதிமூணரைக்கு ஒண்ணுன்னா, பதிமூணரைப் பங்கு எடத்துல இருக்கறத ஒரு பங்குக்குள்ள அமுக்கறது. அமுக்க அமுக்கச் சூடு ஏறும். அப்பறம் பிளக்கு பொறி விட்டாப் பலமா எரியும், வண்டி இழுக்கும். அதெல்லாம் சரி. ஆனா அந்தச் சூட்டத் தாங்கிக்கிட்டு, பொறி வர்ற வரைக்கும் பெட்ரோலு சும்மா இருக்கணும். அந்தப் பொறுமைக்குத்தான் தம்பி ஆக்டேன்னு பேரு. வேற ஒண்ணும் இல்ல. நூறு ஆக்டேன்னா பவர் சாஸ்தின்னு நெனச்சுக்கறானுங்க அரவேக்காட்டுப் பசங்க. பவரும் இல்ல, மண்ணும் இல்ல. பொறுமை சாஸ்தி, அவ்வளவுதான். பொறுமை இல்லாத பெட்ரோல அதிகமா அமுக்கினா ஓரத்துல இருக்கறது தானாப் பத்திக்கும். இங்க ஒரு நெருப்பு, அங்க ஒரு நெருப்பு, ரெண்டும் மோதி, பிஸ்டன் தலையில சுத்தியல்ல அடிச்சாப்புல அடிக்கும். அதுதான் நாக்கிங். டிக்கு டிக்குன்னு மெல்லிசா ஒரு சத்தம் வரும். அது வந்துச்சுன்னா இஞ்சினுக்கு நாள் எண்ணிக்க வேண்டியதுதான்.

போன மாசம் ஒருத்தன் வந்தான், ஜவுளிக்கடைக்காரர் மகன். கம்பெனில இருந்து வந்தபடிக்கே இருக்கற வண்டி. அதுல நூறு ஆக்டேன் ஊத்திட்டு, "அண்ணா, பறக்குதுங்கண்ணா"ங்கறான். எதுங்க பறக்குது? உன்ற புத்திதான் பறக்குதுன்னேன். சிரிச்சுட்டுப் போறான், வெக்கங்கெட்டவன். இதுகளக் கட்டிக்கிட்டு நான் மாரடிக்கறேன்.

இந்த ஊர்ல எத்தனையோ பேர் இஞ்சின் வேலை பாக்கறான். டயல்ங்கறான், லேப்டாப்புங்கறான், ஒயர எடுத்து வண்டில சொருகிட்டு டி.வி. பாக்கறாப்புல பாத்துட்டு நிக்கறான். இந்தத் தண்டபாணிக்கு அதெல்லாம் வேண்டாம். நீட்டு ஸ்குரூடிரைவர் ஒண்ணு. முனைய இஞ்சின் ஹெட்டுல வெச்சு, கட்டைய இந்தக் காதுல வெச்சா, உள்ள என்ன நடக்குதுன்னு படிச்சுச் சொல்லிருவேன். பாலக்காட்டுல இருந்து, பெங்களூர்ல இருந்து வண்டியத் தூக்கிப் போட்டுட்டு வருவாங்க, "அண்ணா, ஒரு தடவ காது வெச்சுச் சொல்லுங்க"ன்னு. முப்பத்தஞ்சு வருசம், சைலன்ஸர் இல்லாத வண்டிங்களுக்கு நடுவுலயே நின்ன காதுங்க இது. வேற எவனுக்கு இந்தப் பழக்கம் இருக்கும்?

என்னது? இருங்க, அந்தக் கம்ப்ரஸர நிறுத்தறேன். ம், சொல்லுங்க.

ஓஹோ. அதுவும் உங்க காதுக்கு வந்துருச்சா. ஓசூர்ல இஞ்சின் ஒடஞ்சது என்ற இஞ்சின்தான். நான் மறைக்கலயே. ஊரே அதத்தான் பேசிட்டிருக்கு, வேற சோலி இல்ல ஒருத்தனுக்கும். உங்ககிட்ட எப்படிச் சொன்னானுங்க? "தண்டபாணி மருமகன் வாழ்க்கையக் கெடுத்துட்டான்"னா? சொல்லுவானுங்க. நான் சொல்றேன் கேளுங்க, நடந்தது என்னன்னு.

மௌலீஸ்வரன்னு பேரு, என்ற அக்கா மகன். அவனுக்கு ஏழு வயசுல அவங்கப்பன் போயிட்டாரு. அதுலருந்து அக்காளும் அவனும் என்ற வீட்டு மேல் போர்ஷன்லதான். வண்டி ஓட்டப் பழக்கினது நான், விழுந்தா மருந்து போட்டது நான். எனக்குக் கொழந்த இல்லீங்க. அதனால அவன்தான். இப்ப இருவத்தி நாலு வயசு. மண்ணுல வண்டி ஓட்டறதுல அவனாட்ட ஒருத்தன் இந்தப் பக்கம் இல்ல, நான் மாமன்ங்கறதுக்காகச் சொல்லல.

போன வருசம் சாம்பியன்ஷிப்ல கடைசி ரேஸ் ஓசூர்ல. அதுக்கு முன்னாடி வரைக்கும் மௌலிதான் மொத எடம், ஆறு பாயிண்ட் முன்னாடி. பூனாவுல இருந்து ஒரு கம்பெனி டீம் மேனேஜர் பாக்க வர்றதா இருந்துச்சு, குல்கர்னின்னு ஒருத்தர். மௌலி செயிச்சா அவங்க டீம்ல எடம். மாசச் சம்பளம், கம்பெனி வண்டி, வெளிநாட்டுல ட்ரெயினிங். அவனுக்கு அது ஒண்ணுதான் கனவு. வருசத்துக்கு ஒருத்தனத்தான் எடுப்பாங்க. விட்டா விட்டதுதான்.

ரெண்டாவது எடத்துல ஒரு பெங்களூர்ப் பையன். அப்பன் காசு. வண்டி பதினாலுக்கு ஒண்ணு ஓடுதுன்னு கேள்வி. ரேஸ் தொடங்க கேட் விழுந்ததும், மொத வளைவு வர்ற வரைக்கும் இருக்கற நேர் ரோட்டுல நம்ம வண்டியவிட ரெண்டு வண்டி நீளம் முன்னாடி போயிருவான். அப்பறம் மௌலி வளைவுல எட்டிப் புடிப்பான். எத்தன தடவ எட்டிப் புடிக்கறது? சரி, நாமும் பதினாலுக்குப் போயிரலாம்னேன். நம்ம வண்டி கம்பெனில இருந்து வந்தது பன்னெண்டரை. பிஸ்டன் மாத்தினதும் பதிமூணரை. போதாது. சிலிண்டருக்கு அடியில இருக்கற தகடு, அந்தக் கேஸ்கட்ட மெல்லிசாக்கி மெல்லிசாக்கி, சிலிண்டர எறக்கி எறக்கி, சிரிஞ்சுல எண்ணெய் ஊத்தி உள்ள இருக்கற எடத்த அளந்து பாத்துப் பதினாலுக்குக் கொண்டு வந்தேன். ஒவ்வொரு எறக்கத்துக்கும் வண்டிய ஓட்டிக் காது வெச்சுப் பாத்தேன். சுத்தமா ஓடுச்சுங்க. கடைசி வரைக்கும் ஒரு டிக்கு இல்ல.

அப்பத்தான் அந்தப் பொண்ணு மூக்க நுழைச்சுது. மேகலான்னு பேரு. மௌலிக்குப் பேசி வெச்சிருந்த பொண்ணு. தண்ணி மோட்டார் கம்பெனில டெஸ்டிங்ல வேல. தண்ணி மோட்டாருங்க! கெணத்துல தண்ணி எறைக்கறதுக்கும் மோட்டோகிராஸ் இஞ்சினுக்கும் என்னங்க சம்பந்தம்? நோட்டுல என்னமோ கணக்குப் போட்டுட்டு வந்து நிக்குது. "மாமா, பதினாலுக்கு ஒண்ணுன்னா நாம ஊத்தற தொண்ணூத்தஞ்சு ஆக்டேன் தாங்காது. நூறு ஊத்தலாம். இல்லீன்னா பொறி விடற டைமிங்கக் கொஞ்சம் பின்னுக்குத் தள்ளலாம். இல்லீன்னா பழைய கேஸ்கட்டையே போட்டுக்கலாம்." மரியாதையாத்தான் சொல்லுச்சு, இல்லேங்கல. ஆனா யார்கிட்ட வந்து சொல்றது? ஆக்டேன் கணக்கெல்லாம் எனக்கும் தெரியும், உங்களுக்கே இப்பச் சொன்னேனில்ல. காயிதத்துல இருக்கற கணக்கு எல்லா இஞ்சினுக்கும் பொதுவுங்க. எந்த இஞ்சின் எது வரைக்கும் தாங்கும்னு அந்த இஞ்சின்தான் சொல்லும், அதக் கேக்கறதுக்குத்தான் காது இருக்குது. "உங்க மோட்டாரு தண்ணி எறைக்குதான்னு பாரு கண்ணு, இது நான் பாத்துக்கறேன்"னேன். மூஞ்சி சுருங்கிப் போச்சு.

சூலூர் தாண்டி ஒரு செம்மண் காட்டுல டெஸ்ட் ஓட்டினோம். நானு, ஆரோக்கியம், மௌலி, அந்தப் பொண்ணும் லீவு போட்டுட்டு வந்துருச்சு. மௌலி ரெண்டு சுத்து சுத்திட்டு வந்து ஹெல்மெட்டக் கழட்டினான். "மாமா, மேட்டுல முழுசா முறுக்கினா டிக்கு டிக்குங்குது"ன்னான்.

முறுக்குடான்னேன். முறுக்கினான். ஸ்குரூடிரைவர வெச்சுக் கேட்டேன். ஒண்ணுமே இல்ல. தொம் தொம்முன்னு எரியறது தெரியுது, செயின் தெரியுது. டிக்கும் இல்ல, கொக்கும் இல்ல. ஆரோக்கியத்தக் கேட்டா, தலையச் சொறிஞ்சுக்கிட்டு, "லேசாக் கேக்குதுங்கண்ணா"ங்கறான். இருவத்திரெண்டு வருசம் எங்கிட்ட வேல பாத்தும் இந்த லட்சணம். "அது வால்வுல வர்ற டாப்பெட்டு சத்தம்டா, பைத்தியமே"ன்னேன்.

உடனே அந்தப் பொண்ணு பைல இருந்து ஒரு சாமானத்த எடுத்துச்சு. காந்தத்துல ஒட்டற மைக்கு, அதுல இருந்து ஒயரு, ஒயருல ஹெட்போன். மோட்டார் பேரிங் சத்தம் பாக்கற சாமானமாம். இஞ்சின்ல ஒட்ட வெச்சு, மௌலி வண்டிய முறுக்க, மொதல்ல அதுவே கேட்டுச்சு. அப்பறம் ஆரோக்கியம். அப்பறம் எங்கிட்ட நீட்டுச்சு. நானும் மாட்டிக்கிட்டேன், ஏன் வம்புன்னு. ஒண்ணுமே கேக்கலீங்க. உள்ளுக்குள்ள ஏதோ தண்ணிக்கடியில இருக்கறாப்புல தொம்மு தொம்முன்னு ஒரு எரைச்சல், அவ்வளவுதான். "இது ரிப்பேரு கண்ணு, கம்பெனில திருப்பிக் கொடுத்துரு"ன்னு கழட்டிக் கையில கொடுத்துட்டேன்.

மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் பாக்கறாங்க. எனக்குப் புரியாதா? அந்தப் பொண்ணு ரெண்டு பேருக்கும் முன்கூட்டியே சொல்லி வெச்சுக் கூட்டிட்டு வந்திருக்குது. இல்லாத சத்தம் மூணு பேருக்குக் கேக்குமாம், எனக்குக் கேக்காதாம். என்ன பெரிய கூத்து!

இன்னொண்ணக் கேளுங்க. எங்கியோ ஒரு பங்க்ல போய் நூறு ஆக்டேன் பெட்ரோலு ஒரு கேன் வாங்கிக் கார்ல வெச்சிருந்துச்சு. "இதையாவது ஊத்திக்கலாம் மாமா, நஷ்டம் ஒண்ணும் இல்லயே"ங்குது. எனக்கு வந்துச்சே ஒரு கோவம்! அதத் தூக்கிட்டு வந்து ஆரோக்கியத்தோட மொபெட்டுல ஊத்திட்டேன். "ஓட்டுடா, பறக்குதான்னு பாப்போம்"னேன். அவன் ஓட்டிக் காட்டினான். எப்பவும் போல இழுத்துக்கிட்டுதான் போச்சு. பாத்தியா, நூறு ஆக்டேனோட யோக்கியதை இதான்னு சிரிச்சேன். நான் மட்டுந்தான் சிரிச்சேன்.

என்ன தம்பி? ஆமாங்க, மொபெட்டு கம்ப்ரஷன் கம்மிதான். அதுல பறக்காதுன்னு எனக்கும் தெரியும். ஒரு பேச்சுக்குச் செஞ்சதுங்க அது. நீங்க வேற, குறுக்க குறுக்க.

மௌலி என்ன செஞ்சான்னு கேளுங்க. அவன் அந்தப் பொண்ணத் தனியாக் கூட்டிட்டுப் போய்ப் பேசினான். எனக்குக் கேக்கல, ஆரோக்கியம் பக்கத்துல நின்னவன், அவன்தான் அப்பறமாச் சொன்னான். "மாமா காது வெச்சுச் சொல்லிட்டாரு. இப்ப நான் அவருக்குத் தெரியாமப் பெட்ரோல மாத்தினேன்னு வெச்சுக்க, நாளைக்கு அவரு கடையத் தொறக்க மாட்டாரு. விட்டுரு மேகலா"ன்னானாம். பாத்தீங்களா? அவனுக்கு என்ற மேல இருந்த நம்பிக்கை அப்படிப்பட்டது. இதச் சொல்லும்போது ஆரோக்கியம் என்னமோ கண்ணு கலங்கிக்கிட்டுச் சொல்றான். அவன் ஒரு அழுமூஞ்சி.

ஓசூருக்குப் போனோம். பன்னெண்டரை மணி வெயிலு, அனலாட்ட அடிக்குது. பன்னெண்டு ரவுண்டு. கேட் விழுந்ததும் நம்ம வண்டி பாஞ்சுச்சு பாருங்க! பெங்களூர்ப் பையன் அஞ்சு வண்டி பின்னாடி. வேலியோரமா நின்ன அவங்கப்பனுக்கு மூஞ்சி தொங்கிப் போச்சு. நான் வேலியோரமா நின்னு கைதட்டினேன். இதுக்குத்தான்டா பதினாலுன்னு கத்தினேன். எட்டு ரவுண்டு, தம்பி. எட்டு ரவுண்டு மௌலி பின்னாடி திரும்பிப் பாக்கவே இல்ல.

ஒம்போதாவது ரவுண்டுல பெரிய மேடு. அதுல முழுசா முறுக்கிட்டுத்தான் ஏறணும். பாதி ஏறியிருப்பான். வண்டிய யாரோ கையில புடிச்சு நிறுத்தினாப்புல நின்னுச்சு. பின்சக்கரம் பூட்டிக்கிச்சு. வண்டி மூக்குக் குத்தி விழ, இவன் மேல பறந்து போய் அந்தப் பக்கம் விழுந்தான். பின்னாடி வந்தவன் ஒருத்தன் அவன் மேல ஏறாமத் தப்பிச்சதே சாமி புண்ணியம்.

ஓடினேன். நானும் அம்பத்தெட்டு வயசுல எப்படி அந்த மேட்டுல ஓடினேன்னு தெரியல. தோள்பட்டை எலும்பு வெளிய துருத்திக்கிட்டு நிக்குது. மணிக்கட்டு திரும்பியிருக்கு. என்னப் பாத்து வாய அசைச்சான். என்ன சொன்னான்னு தெரியல, கூட்டத்து எரைச்சல். "ஒண்ணும் இல்ல சாமி, ஒண்ணும் இல்ல"ன்னு நானே பேசிட்டிருந்தேன்.

அந்த குல்கர்னி வந்தாரு. மௌலியத் தட்டிக் கொடுத்துட்டு, அந்தப் பொண்ணுகிட்ட இங்கிலீசுல என்னமோ சொன்னாரு. என்னப் பாத்துக்கிட்டே சொன்னாரு. என்ன சொல்றாருன்னேன். அது மொதல்ல சொல்லல. அதட்டினதுக்கு அப்பறம் சொல்லுச்சு. "வேலிக்கு அந்தப் பக்கம் நின்ன எனக்கே நாலாவது ரவுண்டுல இருந்து நாக்கிங் கேட்டுச்சு, இவங்க ட்யூனர் எங்க போயிருந்தாரு?"ன்னாராம். எப்படி இருக்கு பாருங்க! முப்பதடி தள்ளி, பதினஞ்சு வண்டி ஓடற எடத்துல, இவருக்குக் கேட்டுச்சாம். பெரிய மனுசன், ஒரு அளவு வேண்டாமா பொய் சொல்றதுக்கு? அந்தப் பெங்களூர்ப் பையனத்தான் எடுக்கணும்னு முன்னாடியே முடிவு பண்ணிட்டு வந்திருக்காரு. எடுத்துட்டாரு. அந்தச் சாம்பியன் கப்பும் அவனுக்கே போச்சு. மௌலிக்குக் கை ரெண்டு மாசம் கட்டு. இனி அந்தக் கம்பெனி அவனத் தேடி வராது.

இஞ்சினப் பிரிச்சேன். பிஸ்டன் தலை பூரா குண்டூசில குத்தினாப்புலப் புள்ளி புள்ளியா. ஓரத்துல கட்டவெரல் நொழையற ஓட்டை. நாக்கிங்தான், நான் இல்லேங்கல. ஆனா எதனால நாக்கிங்? பங்க்காரன் பெட்ரோல்ல கைவெச்சிருக்கான். வேற எப்படி வரும், டெஸ்ட்ல வராத நாக்கிங்? மிச்சம் இருந்த பெட்ரோல அந்தப் பொண்ணே எடுத்துட்டுப் போய் எங்கியோ கொடுத்துப் பாத்துச்சு. சுத்தமான தொண்ணூத்தஞ்சுன்னு ரிப்போர்ட் வந்துச்சு. ரிப்போர்ட்டாம். ரிப்போர்ட்ட எவன் வேணாலும் எப்படி வேணாலும் அடிச்சுக் கொடுப்பான். பங்க்காரன் பேர நான் சொல்ல மாட்டேன், எனக்கெதுக்குப் பொல்லாப்பு.

ஆஸ்பத்திரில வெச்சு அந்தப் பொண்ணு சொன்னத மட்டும் என்னால மறக்க முடியல. மௌலி கட்டில்ல படுத்திருக்கான், அக்கா தலமாட்டுல உக்காந்திருக்கா. இது என்ற பக்கத்துல வந்து காதுகிட்டக் குனிஞ்சு சொல்லுது. "மாமா, எங்க கம்பெனில டெஸ்டிங்ல இருக்கறவங்களுக்கு வருசா வருசம் காது பாப்பாங்க. எரைச்சல்லயே இருந்தா மெல்லிசான சத்தந்தான் மொதல்ல கேக்காமப் போகுமாம், நமக்கே தெரியாதாம். நீங்களும் ஒருக்கா டாக்டர்கிட்டக் காட்டிருங்க மாமா. நான் கூட்டிட்டுப் போறேன்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஊரே கும்புடற காது. அதுல நொள்ளை சொல்லுது நேத்து வந்த புள்ள. ஆஸ்பத்திரின்னுகூடப் பாக்கல, வாயில வந்ததெல்லாம் பேசிட்டேன். நீ காலு வெச்ச நேரந்தான் இந்தக் குடும்பத்துக்கு இப்படி ஆச்சுன்னுட்டேன். அது அழுதுட்டு வெளிய போயிருச்சு. கட்டில்ல கெடந்த மௌலி என்னப் பாத்து, "மாமா, போதும்"ன்னான்.

இருவத்தி நாலு வருசத்துல அவன் என்ன எதுத்து ஒரு வார்த்த பேசினதில்லீங்க. அன்னிக்கு ஊட்டுக்கு வந்து சோத்துல கை வெச்சேன், எறங்கல. எனக்கென்ன போச்சுன்னு சொல்லிக்கிட்டேன். ஆனா எறங்கல.

கட்டுப் பிரிச்சதும் அக்காளும் அவனும் பீளமேடு பக்கம் வேற வீடு பாத்துப் போயிட்டாங்க. மேல் போர்ஷனு பூட்டிக் கெடக்கு. இப்ப அவன் வண்டிய எவனோ ஒரு லேப்டாப்புக்காரன்கிட்டக் கொடுத்திருக்கானாம். போகட்டும். நானா போய்க் கெஞ்சுவேன்? ஆகாத வேலை.

போன வியாழக்கெழம அவனுக்குக் கல்யாணம் முடிஞ்சுதுங்க. அந்தப் பொண்ணோடதான். நான் போகல. ஆமா, தாய்மாமன்தான். மாமன் நின்னு செய்ய வேண்டியத எல்லாம் ஒண்ணுவிட்ட மாமன் ஒருத்தன் நின்னு செஞ்சானாம். மாலை எடுத்துக் கொடுத்ததும் அவன்தான், பட்டம் கட்டினதும் அவன்தான். கட்டட்டும். பட்டு வேட்டி, மோதிரம் எல்லாம் நான் எடுத்து வெச்சிருந்தேன். பீரோல அப்படியே இருக்கு.

ஏன் போகலன்னா? மொறையா வந்து கேக்கலீங்க. தாய்மாமன் ஊட்டுக்கு வந்து, தட்டுல வெத்தல பாக்கு வெச்சு, "நீங்க முன்னாடி நின்னு நடத்திக் கொடுக்கணும் மாமா"ன்னு ஒரு வார்த்த வாய் தொறந்து சொல்லணும். அதுதானங்க மொறை? நான் இங்க கடையில ஒரு வண்டிய முறுக்கி விட்டு, ஸ்குரூடிரைவர வெச்சுக் குனிஞ்சிருந்தேன். வேல முடிஞ்சு நிமுந்து பாத்தா, மேசை மேல தட்டு இருக்கு. பத்திரிகை, வெத்தல பாக்கு, பழம். ஆளக் காணோம். போஸ்ட்மேன் வெச்சுட்டுப் போறாப்புல மௌலி வெச்சுட்டுப் போயிருக்கான். அப்படி ஒரு திமிரு. கூப்பிட்டுக் கேக்கலாம்னுதான் ஃபோனக் கையில எடுத்தேன். எதுக்குக் கேக்கோணும்னு வெச்சுட்டேன்.

ஆரோக்கியம் என்னமோ கத கட்டறான். அவனும் அன்னிக்கு இங்கதான் நின்னான். மௌலி தட்டக் கையில ஏந்திக்கிட்டு என்ற முதுகுக்குப் பின்னாடி வந்து நின்னானாம். மாமா மாமான்னு மூணு தடவ சொன்னானாம். மேகலா மனசுல ஒண்ணும் வெச்சுக்கல, நீங்க வந்தாத்தான் தாலி கட்டுவேன்னானாம். ஓசூர்ல நடந்ததுக்கு எனக்கு உங்க மேல ஒரு கோவமும் இல்ல மாமா, அது போனாப் போகுதுன்னானாம். நான் திரும்பவே இல்லையாம். நான் வேணும்னே மூஞ்சி கொடுக்கலன்னு நெனச்சுட்டு, தட்ட வெச்சுட்டு, அழுதுக்கிட்டே போனானாம். மாதா மேல சத்தியம் பண்றான் ஆரோக்கியம். "ஏண்டா நீ என்னத் தொட்டுச் சொல்லல?"ன்னா, "நீங்களும் கோவத்துல இருக்கீங்கன்னு நெனச்சுட்டேங்கண்ணா"ங்கறான். பொய்யி தம்பி. எல்லாம் பொய்யி.

நீங்க வெளியாள். ஒரு பக்கமும் சேராதவரு. நீங்களே நாயம் சொல்லுங்க. நான் தூக்கி வளத்த புள்ள, ரெண்டடிக்குப் பின்னாடி நின்னு அழுதா, எனக்குக் கேக்காதுங்களா?